மூன்று படிக்கு ஒரு வெளிச்சம்

ஃபிர்தௌஸுக்குத் தன் கண் மேல் நம்பிக்கை கொஞ்சம் அதிகம். அதற்காக அவளைக் குறை சொல்லவும் முடியாது. வந்தவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளுடைய தோள் அளவையும் கை நீளத்தையும் மனசுக்குள் எழுதிவிடுவாள். பிறகு நாடாவை எடுத்து அளப்பதெல்லாம் வந்தவளின் திருப்திக்காகத்தான். புடவை ஓரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வெறுங்கையோடு தி. நகர் போய், நாற்பது பச்சைகளுக்கு நடுவிலிருந்து அந்த ஒரே பச்சையை உருவிக்கொண்டு வருவாள். கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் கார் ஷெட்டைத் தடுத்துப் போட்ட கடை அவளுடையது. இரண்டு மிஷின், சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க பிளவுஸ். வயது நாற்பத்து மூன்று. "நல்லா தெச்சிருக்கீங்க" என்று யாராவது சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவாள், அது அவளுக்கு முன்னாலேயே தெரிந்த விஷயம் என்பதால்.

அவளை நாடகத்துக்குள் இழுத்துவந்தவர் ஜவஹர். பகலில் கூரியர் கம்பெனி மேலாளர், சாயங்காலமானால் நாடக இயக்குநர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தன் குழுவுக்கு உடை தைக்கக் கொடுத்தவர், மரியாதைக்காக முதல் நாள் டிக்கெட் ஒன்றும் கொடுத்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஃபிர்தௌஸுக்கு, மேடையில் நிற்கும் நடிகையின் தோளில் தையல் விட்டுக்கொண்டிருப்பது தெரிந்துவிட்டது. எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. பக்கக் கதவு வழியாக மேடைக்குப் பின்னால் போய் நின்று, அந்த அம்மாள் உள்ளே வந்ததும் தோளைப் பிடித்துத் திருப்பி நாலு தையல் போட்டு அனுப்பினாள். அதற்குப் பிறகு அவள் ஒரு நாடகத்தையும் முன்னாலிருந்து பார்த்ததில்லை.

அந்த அம்மாள்தான் சரோஜாதேவி. டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அசோக் நகரில் தனியாக இருக்கிறார். வயது அறுபத்தேழு. வசனத்தை ஒரு தடவை படித்தால் போதும், எதிரில் நிற்பவரின் வசனமும் சேர்ந்து பாடமாகிவிடும். முழங்கால் மட்டும்தான் அவருக்கு அடங்காது.

இந்த வருஷத்து நாடகத்தில் சரோஜாதேவிக்குத் தாய் வேஷம். கதையில் இருபது வருஷம் கடக்கிறது. அதற்கு முந்தைய பதினைந்து நிமிஷக் காட்சியில் அவருக்கு வேலை இல்லை. உடை மாற்றும் அறைக்கு மாடிப்படி இறங்கிப்போக முழங்கால் விடாது என்பதால், மேடையின் பக்கவாட்டில் திரை மறைவிலேயே ஒரு நாற்காலி போட்டு, அங்கேயே ஃபிர்தௌஸ் அவருக்குப் பட்டுப் புடவையை அவிழ்த்து நூல் புடவை கட்டி, நரைத்த விக்கை மாட்டி, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகக் குத்தி முடிப்பாள். அது முடிந்ததும் மேடை முழுக்க விளக்கு அணையும். பன்னிரண்டு வினாடி. அதற்குள் சரோஜாதேவி தனியாக மூன்று படி ஏறி, மாடி வராண்டா என்று போட்டிருக்கும் பலகை மேல் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். விளக்கு வரும்போது ஜனங்கள் பார்ப்பது இருபது வயது கூடிப்போன ஒருத்தியை.

ஆழ்வார்பேட்டையில் நடந்த முதல் காட்சியில் விளக்கு வந்தபோது ஜனங்கள் பார்த்தது, இரண்டாவது படியில் தடுக்கி, மண்டியிட்டு, ஒரு கையால் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தியை. சரோஜாதேவி அப்படியே கடவுளைக் கும்பிடுவதுபோல் கையைக் குவித்து, எழுந்து உட்கார்ந்து சமாளித்துவிட்டார். கைதட்டல் கூட வந்தது. ஜவஹர் கைதட்டவில்லை.

மறுநாள் அவர் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னது சுருக்கமானது. அம்மாவுக்கு இருட்டில் கண் தெரியவில்லை, வயசாகிவிட்டது, அது யார் தப்பும் இல்லை. மயிலாப்பூர் காட்சிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் மறுபடி தடுக்கினால், மருமகளாக நடிக்கும் தீபிகாவே தலைக்குப் பவுடர் போட்டுக்கொண்டு தாய் வேஷத்தையும் செய்துவிடட்டும். இருட்டை எடுத்துவிட்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள். அந்த இருட்டில்தான் இருபது வருஷம் இருக்கிறது, எடுக்க முடியாது என்றார். சரோஜாதேவி முழங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபிர்தௌஸுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் ஏழு மணிக்குக் கடையில் கரண்ட் போனது. வந்துவிடும் என்று ஃபிர்தௌஸ் மிஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். தெருக்கோடியிலிருந்து கசிந்த துளி வெளிச்சத்தில் கத்தரிக்கோல் தெரிந்தது, நூல் கண்டு தெரிந்தது, ஆணியில் தொங்கும் பிளவுஸ்களின் கை கூடத் தெரிந்தது. அப்போது ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவள் புருஷன் தௌசீஃப் வேலை முடிந்து வந்து, போன் லைட்டை நேராக அவள் முகத்தில் அடித்தான்.

"இன்னா, இருட்டுல குந்திகினு கீற?"

மூஞ்சியில அடிக்காதீங்க என்று அவள் கத்த, அவன் சட்டென்று அணைத்தான். அவள் எழுந்து இரண்டு எட்டு வைத்து, பத்து வருஷமாக அதே இடத்தில் இருக்கும் இஸ்திரி மேஜையில் இடுப்பை நன்றாக இடித்துக்கொண்டாள். கண் முன்னால் வெள்ளையாக ஒரு வட்டம் மிதந்தது. அதற்குள் கத்தரிக்கோலும் இல்லை, நூல் கண்டும் இல்லை. தௌசீஃப் பதறிப்போய் இடுப்பைப் பிடித்துவிட வர, அவள் அசையாமல் நின்றாள். வலி அவளுக்கு உறைக்கவே இல்லை, வேறொன்று உறைத்துவிட்டது.

முந்தைய நாடகங்களில் எல்லாம் அவளிடம் ஒரு பழைய டார்ச் இருந்தது. செல் தேய்ந்து, மங்கலாக மஞ்சள் அடிக்கும். அது உடைந்துபோனதால் இந்த நாடகத்துக்குப் புதுப் போனின் லைட்டைப் போட்டுக்கொண்டாள். பளீரென்று வெள்ளை. விக்கின் ஒவ்வொரு ஊசியும் தெளிவாகத் தெரிகிறதே என்று பெருமையாகக் கூட இருந்தது. பதினைந்து நிமிஷம் அந்த வெள்ளையைச் சரோஜாதேவியின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டு, கடைசி ஊசியைக் குத்திய கையோடு, "போங்கம்மா" என்று இருட்டுக்குள் தள்ளியவள் அவள்தான்.

நியாயமாக அப்போதே ஜவஹருக்குப் போன் செய்திருக்க வேண்டும். போனைக் கையில் எடுத்தாள், வைத்துவிட்டாள். காட்சிக்கு நடுவில் போன் அடித்துவிட்டது என்பதற்காக, ஏழு வருஷம் கூட இருந்த சவுண்ட்காரரை அன்றோடு வர வேண்டாம் என்று அனுப்பியவர் ஜவஹர். ஃபிர்தௌஸுக்குப் பயமாக இருந்தது. முதலில் சரிசெய்வோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொன்னாள். அந்தச் சமாதானம் அவளுக்கே பிடிக்கவில்லை.

ஜவஹரிடம், வெளிச்சத்தை மாற்றிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அவர் உடனே நீலம் போடச் சொன்னார். ராத்திரி ரயிலில் நீலம்தானே எரிகிறது, கண்ணுக்குக் குளிர்ச்சி. ஃபிர்தௌஸும் நீலம்தான் என்று நினைத்திருந்தாள். ஆனாலும் டார்ச்சில் சுற்றுகிற துணிதான் என்றாலும், பார்க்காமல் எடுக்கிற வழக்கம் அவளிடம் இல்லை.

தி. நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் வெள்ளைத்துரையின் மேட்சிங் கடை. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். பெண்கள் துணியை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பதை முப்பது வருஷமாகப் பார்த்தவர். ஒரு பெண் வந்து, இருட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டது அன்றைக்குத்தான்.

"இருட்டுக்கா பிளவுஸ் தைக்கப் போறிய?" என்றார்.

அவள் விஷயத்தைச் சொன்னதும், மாடியில் ஜன்னல் இல்லாத சரக்கு அறையைத் திறந்துவிட்டார். ஃபிர்தௌஸ் புதிதாக வாங்கிய சின்ன டார்ச்சோடும் நாலு நிறத்து லைனிங் துணியோடும் உள்ளே போய், கதவிடுக்கில் துணியைச் செருகி, ஒரு நூலிழை வெளிச்சம் மட்டும் விட்டு உட்கார்ந்தாள். எதிர்மூலையில் ஒரு வெள்ளை நூல் கண்டைத் தொங்கவிட்டிருந்தாள். திட்டம் எளிமையானது. கண் இருட்டுக்குப் பழகி, கண்டு தெரியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு துணி சுற்றிய டார்ச்சில் தன் அளவு நோட்டை ஒரு நிமிஷம் படிக்க வேண்டும். அணைத்துவிட்டு, கண்டு மறுபடி தெரியும்வரை எண்ண வேண்டும்.

முதல் இருபது நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்து, கண்டு தெரிய ஆரம்பித்த நேரத்தில், வெள்ளைத்துரை அன்போடு டீ கொடுத்தனுப்பினார். டீ கொண்டுவந்த பெண் கதவைத் திறந்ததோடு நிற்காமல், பாவம் இருட்டில் இருக்கிறார்களே என்று டியூப் லைட்டையும் போட்டாள். ஃபிர்தௌஸ் டீயைக் குடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

நீலம் அவளைக் கவிழ்த்துவிட்டது. எரியும்போது குளுகுளுவென்று இருந்தது, அணைத்த பிறகு நூறு எண்ணியும் கண்டைக் காணவில்லை. பச்சையில் நோட்டு அழகாகத் தெரிந்தது, ஆனால் எண்பது எண்ண வேண்டியிருந்தது. மஞ்சள் அறுபது. மிளகாய்ப்பழச் சிவப்பு முப்பது. இது என்ன கணக்கு என்று அவளுக்குச் சந்தேகம் வந்து, சிவப்பை இரண்டு மடிப்பிலிருந்து நாலு மடிப்பாக்கினாள். நோட்டின் எழுத்து கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும் அளவுக்கு மங்கியது. அணைத்தாள். எட்டு எண்ணுவதற்குள் நூல் கண்டு மூலையில் வந்து நின்றது. மறுபடி நீலத்தை எடுத்து அதையும் நாலாக மடித்துப் பார்த்தாள். முன்னைவிடப் பரவாயில்லை, சிவப்புக்குக் கிட்டே வரவில்லை. நிறம் பாதி வேலை, மங்கல் பாதி வேலை என்பது புரிந்தது.

இரண்டு மணி நேரம் கழித்துக் கீழே வந்து, சிவப்பில் கால் மீட்டர் கேட்டாள். நீலம் வேண்டாமா என்று வெள்ளைத்துரை கேட்க, அதில் முக்கால் மீட்டர், கருநீலமாக, வேறொரு பிளவுஸுக்கு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை மந்தைவெளியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்தளத்தில் நடந்தது. அதே படி, அதே நாற்காலி. திரை மறைவில் ஃபிர்தௌஸ் சிவப்பு டார்ச்சைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். ஊசியில் பாதியைக் கையால் தடவித்தான் குத்தினாள். அது அவளுக்குச் சிரமமாக இல்லை. படிக்குப் பக்கவாட்டில் ஒரு தட்டி இருந்ததால், அந்த மங்கல் சிவப்பைத் தரையோடு தரையாகப் படியின் மேலும் அடிக்கலாம், ஜனங்களுக்குத் தெரியாது. விளக்கு அணைந்தது. சரோஜாதேவி எழுந்து நேராகப் போனார், தடவாமல் போனார். முதல் படி ஏறினார். இரண்டாவது படிக்குக் காலைத் தூக்கியவர், தூக்கிய காலை வைக்காமல் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பன்னிரண்டு வினாடி முடிந்து விளக்கு வந்தபோது அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

ஜவஹர் தீபிகாவைப் பார்த்தார்.

"சார், ஒரு நிமிஷம். மறுபடி லைட்ட ஆஃப் பண்ணச் சொல்லுங்க," என்றாள் ஃபிர்தௌஸ். "நீங்க இங்க வந்து நில்லுங்க."

அவள் குரலில் இருந்த அதட்டல் அவரை வரவைத்துவிட்டது. இருட்டில் அவள் சிவப்பைப் படியின் மேல் அடித்தாள். நாடகத்தில் அது மயிலாப்பூர் வீட்டுப் படி என்பதால் வெள்ளை பூசி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் காவிப்பட்டை அடித்திருந்தார்கள். எந்தப் புது நாடகத்துக்கும் பூஜை போட்டு முதல் பட்டையை ஜவஹரே தன் கையால் அடிப்பது அந்தக் குழுவின் வழக்கம். சரோஜாதேவியும் அந்தப் பட்டையை அடையாளம் வைத்துத்தான் ஏறுவார். இப்போது சிவப்பு வெளிச்சத்தில் பட்டை எங்கே என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வெள்ளையும் காவியும் ஒன்றாகி, மூன்று படியும் ஒரே சரிவாக வழுக்கிக்கொண்டு கிடந்தது.

"அம்மாக்கு நல்லாவே கண்ணு தெரியிது சார். இங்க படியே இல்ல," என்றாள்.

ஜவஹர் குனிந்து பார்த்தார், காலால் துழாவிப் பார்த்தார். ஆனால் காவியைத் தொடக் கூடாது என்றார். பூஜை போட்டு அடித்தது, அதோடு காவி இல்லாமல் அது வீட்டுப் படியாகவே இருக்காது. ஃபிர்தௌஸ் வாதாடவில்லை. ஜனங்கள் பார்ப்பது படியின் முன்பக்கத்தை, கால் வைப்பவர் பார்ப்பது மேல்பக்கத்தை. முன்பக்கக் காவி அப்படியே இருக்கட்டும், மேல்பக்க விளிம்பை மட்டும் என்னிடம் விடுங்கள் என்றாள். பையிலிருந்த கருநீலத் துணியை எடுத்து இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, பசை தடவி மூன்று படியிலும் ஒட்டினாள். மறுபடி இருட்டு, மறுபடி சிவப்பு. மூன்று விளிம்பும் மை போட்டதுபோல் கறுப்பாக எழுந்து நின்றது. பட்டை மறைந்ததுமே, சிவப்பில் நீலம் கறுத்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறொருத்தியின் பிளவுஸை வெட்டிவிட்டோமே என்பது மட்டும்தான் யோசனை.

சரோஜாதேவி ஏறி உட்கார்ந்தபோது ஒன்பது வினாடி ஆகியிருந்தது. ஜவஹர் அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டார். மயிலாப்பூரில் பார்க்கலாம், அதுவரை தீபிகாவும் வசனத்தைப் பாடம் பண்ணி வைத்திருக்கட்டும் என்றார்.

மயிலாப்பூர் சபாவில் அன்றைக்குத் திரை மறைவு முழுக்க ஃபிர்தௌஸின் ராஜ்ஜியம். டியூப் லைட் சுவிட்சின் மேல் டேப் ஒட்டினாள். போனைத் திறந்த இரண்டு பேரை வெளியே அனுப்பினாள். ஜவஹரே வசனத்தைப் போனில் பார்க்க ஆரம்பித்தபோது, பேசாமல் அதன் மேல் நாலு மடிப்புச் சிவப்புத் துணியைப் போட்டாள். அவர் முறைத்தார், ஆனால் எடுக்கவில்லை. பதினைந்து நிமிஷமும் சரோஜாதேவி கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, அவள் புடவையைக் கட்டி விக்கை மாட்டினாள். விளக்கு அணைந்தது. இந்தத் தடவை அவள், போங்கம்மா என்று சொல்லவில்லை. சொல்வதற்குள் சரோஜாதேவி போய்விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. பிரம்பு நாற்காலி மெல்ல முனகியது. விளக்கு வந்தபோது, இருபது வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருப்பவர்போல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிர்தௌஸுக்குக் கண் கலங்கி, எல்லாமே மங்கிவிட்டது.

நாடகம் முடிந்து, உடை மாற்றும் அறையில் விக்கின் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். வெளியே ஜவஹர் நாலு பேரிடம், அம்மாவுக்குக் கண் திரும்பி வந்துவிட்டது என்று சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"அம்மா, ஆழ்வார்பேட்டையில நீங்க வயசால தடுக்கல. என் போன் லைட்டால. எனக்குத் தெரிஞ்சும் சார்கிட்ட சொல்லாம இருந்துட்டேன்."

"தெரியும்," என்றார் சரோஜாதேவி, கண்ணாடியைப் பார்த்தபடியே.

ஃபிர்தௌஸின் கை நின்றது.

"கண்ணு முன்னாடி வெள்ளையா ஒரு வட்டம். படியே அதுக்குள்ள முழுகிப்போச்சு. அது எங்கேருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியாதா?"

அப்புறம் ஏன் சொல்லவில்லை, வேஷமே கையை விட்டுப் போக இருந்ததே என்று ஃபிர்தௌஸ் கேட்டாள்.

"வயசுன்னு நெனைச்சா அவர் என் வேஷத்தை எடுப்பார். லைட்டுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே உன்னை அனுப்பியிருப்பார். வேஷம் இன்னொண்ணு வரும், வராட்டியும் போகட்டும். நீ போயிட்டா நான் யார் கையில தலையைக் கொடுத்துட்டுக் கண்ணை மூடி உக்காருவேன்?"

ஃபிர்தௌஸ் உருவிய ஊசிகளை மேஜை மேல் வைத்தாள். விக் பாதி கழன்று ஒரு பக்கமாகச் சரிந்திருக்க, சரோஜாதேவியை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள். நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி ஜவஹரிடம் சொன்னாள், அம்மாவின் கண்ணுக்கு என்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதைக் கெடுத்தது தன் வெளிச்சம் என்று. ஜவஹர் என்ன சொல்லப்போகிறார் என்று அவள் நின்று பார்க்கவில்லை. உள்ளே இன்னும் ஊசி பாக்கி இருந்தது.